அறிவுசார் குறைபாடு உடையவரிடம் அவருடைய கடைசிக் காலத்தில் பேசும் முறை

பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பதைக் கடந்த பெண் ஒருவர் இருந்தார். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பு பிரித்தவர். முழுப் பருப்பு ஒரு முறம், பாதி ஒரு முறம், குருணை ஒரு முறம், சொத்தை தனியாக ஒரு டப்பா என்று அவர் கை பிரித்துப் போடும் வேகத்துக்கு அந்தத் தெருவில் வேறு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. அவருக்குக் கருப்பையில் புற்றுநோய் வந்து, அது ஈரலுக்கும் பரவிய பிறகு, வீட்டார் அவரிடம் சொன்னதெல்லாம், "வயித்துல பூச்சி இருக்கு, மாத்திர சாப்ட்டா சரியாப் போயிடும்" என்பதுதான். அவர் மூன்று மாதம் நம்பினார். நான்காம் மாதம் மாத்திரையை வாயில் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் திண்ணைக்குக் கீழே துப்ப ஆரம்பித்தார். பூச்சி போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே மாத்திரை பொய் என்ற முடிவுக்கு அவர் வந்ததில் யாரும் குற்றம் காண முடியாது. துப்பிய மாத்திரைகளில் வலிக்கான மார்ஃபினும் இருந்தது என்பது, அவர் இரவெல்லாம் முனகத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, இப்போது நோய் ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றுடன் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளுக்குச் சென்று வருகிறேன். மருத்துவமனைகளில் பாலியேட்டிவ் கேர் என்று சொல்வது இதைத்தான்: குணமாக்க முடியாத நோயில் வலியையும் மூச்சுத் திணறலையும் பயத்தையும் குறைத்து, இருக்கும் நாட்களை நல்லபடியாக ஆக்கும் சிகிச்சை. உலக அளவில் ஆண்டுதோறும் இது தேவைப்படும் ஏறத்தாழ 5.68 கோடிப் பேரில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்தச் சிறு பங்குக்குள்ளும், தன் நோயைப் பற்றித் தன்னிடமே பேசப்பட்ட அறிவுசார் குறைபாடு உடையவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். "அதுங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவர் உங்களிடம் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்? பேச்சு நம்மிடமிருந்து தொடங்குவதாக நாம் நினைக்கிறோம், ஆனால் அது பெரும்பாலும் அவரிடமிருந்து எப்போதோ தொடங்கியிருக்கும். இந்த வழிகாட்டி, வீட்டில் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அண்ணி, அக்கா போன்றவர்களுக்கும், இல்லங்களில் வேலை செய்யும் பராமரிப்பாளர்களுக்கும் எழுதப்படுகிறது.

அவர் சொல்லிக்கொண்டிருப்பதைப் படிப்பது

"வலிக்குதா?" என்ற கேள்வியை நம்பாதீர்கள். வாழ்நாள் முழுவதும் பெரியவர்களுக்குத் தலையாட்டிப் பழகிய ஒருவர், எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். அது பதில் அன்று, கேட்பவரைத் திருப்திப்படுத்தும் பழக்கம். அதனால் "வலிக்குதா?" என்று கேட்டுச் சற்று நேரம் கழித்து, "இப்ப நல்லா இருக்கா?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் "ஆமா" வந்தால், இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டாம். "கையை வச்சுக் காட்டு" என்று சொல்லி, அவர் தொடும் இடத்தைப் பாருங்கள். அல்லது தண்ணீர்ப் பாட்டிலையும் தலையணையையும் முன்னால் வைத்து, இரண்டில் எது வேண்டும் என்று அவர் கை நீட்டட்டும். ஒன்று முதல் பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பது பெரும்பாலும் பயன் தராது. தமிழில் குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, இசிவு, பிசைதல், விண்விண் என்று தெறித்தல் என வலிக்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன, ஆனால் அவரிடம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு சொல் இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு உடம்பில் எது வந்தாலும் அது "காச்சல்"தான். பல்வலியும் காச்சல், மலச்சிக்கலும் காச்சல். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல" என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பேச்சே இல்லாதவர் என்றால் கவனிப்பு இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்தில், டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை) உள்ள ஒருவரை ஓராண்டு பார்த்து வந்தோம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. குழந்தையாக இருந்தபோது அறுவைச் சிகிச்சை செய்யாமல் விட்டதால், நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, இனிச் சரிசெய்ய முடியாத கட்டத்துக்குப் போயிருந்தது. உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும். அவர் மாலையில் அடிக்கடி சட்டையைக் கழற்றி எறிவதைப் பார்த்துவிட்டு, "புழுக்கம் தாங்கல அவனுக்கு" என்று வீட்டார் மின்விசிறியை வேகப்படுத்துவார்கள். மார்கழி மாதத்திலும் கழற்றினார். நாங்கள் ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்ததில், கழிப்பறைக்கு நடந்து போய் வந்தபின்தான் ஒவ்வொரு முறையும் சட்டை கழன்றிருக்கிறது. மூச்சு வாங்குவதை அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலிக் கழிப்பறையை வைத்து, தலைமாட்டை உயர்த்திக் கொடுத்த பிறகு சட்டை பெரும்பாலும் உடம்பிலேயே இருந்தது.

வட இங்கிலாந்தில் நோய் ஆதரவு சிகிச்சை மருத்துவரான கிளாட் ரெக்னார்டும் அவருடைய குழுவினரும் இதற்காகவே டிஸ்டாட் என்ற குறிப்புப் படிவத்தை உருவாக்கினார்கள். வலிக்கென்று எல்லாருக்கும் பொதுவான ஓர் அடையாளம் கிடையாது, ஒவ்வொருவருக்கும் தவிப்பைச் சொல்லத் தனி மொழி உண்டு, அந்த மொழி தவிப்பு இருக்கிறது என்று சொல்லுமே தவிர எதனால் என்று சொல்லாது என்பது அதன் அடிப்படை. படிவத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. 40 பக்க நோட்டு ஒன்று போதும். இடப் பக்கத்தில் அவர் நிம்மதியாக இருக்கும்போது முகம், கண், குரல், கை, உட்காரும் விதம், தூக்கம், சாப்பாடு எல்லாம் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். வலப் பக்கத்தில் அதே வரிசையில், தவிப்பில் எப்படி மாறும் என்று எழுதுங்கள். நிம்மதியை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இயல்பு என்னவென்று தெரியாத செவிலியருக்கு மாற்றம் கண்ணில் படாது. இதையெல்லாம் எழுதி வைக்காமலே அறிந்திருந்தவர் அம்மா. அம்மா போன பிறகு அந்த அகராதியும் அவரோடு போய்விடுகிறது, நோயாளி அண்ணி வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஆகவே அம்மா இருக்கும்போதே அவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதிவிடுங்கள்.

"அவன் எப்பவும் பண்றதுதான்" என்ற வாசகம் உங்கள் வீட்டிலோ மருத்துவமனையிலோ காதில் விழுந்தால், அங்கே நின்று யோசியுங்கள். எந்தப் புதுத் தொல்லையையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் மருத்துவ உலகில் எங்கும் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உடையவர்களின் இறப்புகளை ஆராய்ந்து இங்கிலாந்தில் 2013 இல் வெளியான விசாரணை அறிக்கை, அங்கே அத்தகைய ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறப்பதையும், நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை தொடங்குவதிலும் தாமதங்கள் நேர்ந்ததையும் பதிவு செய்தது. தலையை முட்டிக்கொள்வது காது வலியாக இருக்கலாம். சாப்பிட மறுப்பது நெஞ்செரிச்சலாகவோ வாய்ப்புண்ணாகவோ இருக்கலாம். மார்ஃபின் எடுப்பவர் திடீரென்று முரண்டு பிடித்தால் முதலில் மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள், ஏனென்றால் அந்த மருந்து பெரும்பாலும் மலச்சிக்கலைத் தரும், அதற்கான இளக்கி மருந்தையும் கூடவே எழுதி வாங்க வேண்டும்.

சொல்வதா, மறைப்பதா

சொல்லத்தான் வேண்டும் என்று நான் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். நாளை என்பதே மனத்தில் நிற்காத ஒருவருக்கு, ஆறு மாதம் கழித்து வரப்போவதைச் சொல்வதில் பயன் இல்லை. நாளும் நேரமும் பிடிபடாதவர், "சாவு வரும்" என்றால் இன்றைக்கே என்று எண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டவுன் சிண்ட்ரோம் உடையவர்களில் பலருக்கு ஐம்பது வயதையொட்டியே அல்சைமர் மறதி நோய் தொடங்கிவிடும். அத்தகையவருக்குக் கெட்ட செய்தி ஒவ்வொரு முறையும் புதுச் செய்தியாக இருக்கும் என்பதால், திரும்பத் திரும்பச் சொல்வது கொடுமையாகிவிடும். ஆனால் மறைப்பதற்கு வீட்டார் வழக்கமாகச் சொல்லும் காரணம் இவை அல்ல. "தாங்கமாட்டா" என்பார்கள். தாங்கமாட்டாதவர் சில நேரம் அப்படிச் சொல்பவராகவே இருப்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது.

இத்துறையில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் ஐரீன் டஃப்ரி-வைன் என்ற பேராசிரியர், கெட்ட செய்தியை ஒரே அமர்வில் சொல்லி முடிக்கும் காரியமாகப் பார்க்காமல், சிறு சிறு துண்டுகளாக அடுக்கி வளர்க்கும் அறிவாகப் பார்க்கச் சொல்கிறார். நோயாளிக்கு உலகத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தது, இப்போது நடப்பது, இனி நடக்கப் போவது என்ற மூன்றில், எந்தத் துண்டு இன்று அவருக்குத் தேவை, எதை அவரால் வாங்கிக்கொள்ள முடியும் என்று பார்த்து, அதை மட்டும் கொடுக்க வேண்டும். முடி கொட்டுவதை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் தேவையான துண்டு, "இந்த மருந்தாலதான் முடி கொட்டுது" என்பதுதான். ஈரலில் பரவியது அன்றைக்கு வேண்டாம்.

முதல் துண்டு, அவருக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும் என்பது. நம் ஊர்த் தெருவில் சாவு மறைவாக நடப்பதில்லை. பறைச் சத்தம், பந்தல், பாடை, தெரு முழுக்க இறைத்த பூ எல்லாம் கண் முன்னால் நடக்கும். அப்படியிருந்தும், சாவு வீடு என்றதுமே இவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். முப்பது வயதில் ஆயாவை, அதாவது பாட்டியை, பறிகொடுத்த ஒருவரிடம், "ஆயா ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆயாவுக்கு ஒரு அதிரசம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் அவருடைய சொந்த மரணத்தைப் பேசுவதற்கு முன், ஆயாவின் மரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

இதில் தமிழே நமக்கு ஒரு தடை. நாம் சாவை நேராகச் சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். தவறிட்டார், போயிட்டார், சாமிகிட்ட போயிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார், கண்ணை மூடிட்டார் என்று சுற்றிச் சுற்றித்தான் வருவோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு குழி. போனவர் திரும்பி வரலாம். கண்ணை மூடியவரை எழுப்பலாம். சாமியிடம் போனவரைப் பார்க்கத் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்குப் போனால் போதும். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கேட்டுவிட்டு, அதன் பின் பல வாரம் படுக்கவே மறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். "செத்துட்டாங்க. செத்துட்டா மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டாங்க" என்பது கேட்கக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் அதில் அவர் தடுக்கி விழ இடமில்லை. பக்தி உள்ள வீடென்றால் சாமியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; இந்த வரிகளுக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலத்தைச் சொல்லவும் வழி வேண்டும். "இன்னும் பத்து நாள்" என்பதைவிட, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் பெரிய உதவி. ஊசி போடும் நாளின் தாளில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டிவிட்டு, தினமும் காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். பொட்டு நெருங்கி வருவதை அவர் கையாலேயே உணர்வார். தூரத்துக் காலத்தைப் பண்டிகையோடு கட்டுங்கள். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மாசி மகத்துக்குச் சாமிகள் வந்து இறங்குவதை ஆண்டுதோறும் பார்த்தவருக்கு, "மாசி மகத்துக்கு முன்னாடி" என்பது நன்றாக விளங்கும்.

சொத்தை

முந்திரி பிரித்த அந்தப் பெண்ணிடம் பேச நாங்கள் முடிவு செய்தது, அவர் மாத்திரை துப்பியது தெரிந்த பிறகுதான். அவருடைய அண்ணனைச் சம்மதிக்க வைக்கவே மூன்று நாள் ஆயிற்று. காலை பத்து மணி, அவருக்கு உடம்பு சற்று லேசாக இருக்கும் நேரம், தொலைக்காட்சியை அணைத்தோம், நின்றுகொண்டு பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தோம். வீட்டில் எல்லாரும் அவரைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் "அக்கா" என்றேன், ஏனென்றால் பாப்பாவிடம் பொய் சொல்வது எல்லாருக்கும் எளிது. "அக்கா, உங்க வயித்துல என்ன இருக்குன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பது என்றால் உண்மையாகவே காத்திருப்பது. மனத்துக்குள் பத்து வரை எண்ணி, அது போதாதென்றால் இன்னொரு பத்து எண்ண வேண்டும், இடையில் அண்ணன் எடுத்துக்கொடுக்கக் கூடாது. முறத்தில் கிடந்த பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தவர், கறுத்துப்போன ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "உள்ள சொத்தை" என்றார்.

வீட்டார் எவரும் அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் கட்டி என்றோ கேன்சர் என்றோ புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அவர் சொல்லையே எடுத்துக்கொண்டோம். "ஆமாக்கா, உள்ள சொத்தை இருக்கு." "எடுத்துப் போடு" என்றார். "ஒரு எடத்துல இருந்தா எடுத்துடலாம். இது நெறைய எடத்துல இருக்கு. டாக்டரால எடுக்க முடியல." அன்றைக்கு அவ்வளவுதான். மாத்திரை சொத்தையை எடுக்காது, வலியை மட்டும் குறைக்கும் என்பதை மறுநாள் சொன்னோம். அன்றிலிருந்து அவர் மாத்திரையைத் துப்பவில்லை. மூன்றாம் முறை போனபோது அவரே ஆரம்பித்தார்: "சொத்தைய தூக்கிப் போட்டுடுவாங்க. என்னையும் போட்டுடுவீங்களா?" இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் சொத்தையைத் தனி டப்பாவில் போட்டு எறிந்தவர் வேறு எப்படி நினைப்பார்? கடன் வாங்கிய சொல்லின் கணக்கு அது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போடமாட்டோம். சொத்தைதான் சொத்தை, நீங்க சொத்தை இல்ல. அண்ணன் வீட்லயே இருப்பீங்க, அண்ணி கூடவே படுத்துக்குவாங்க" என்று சொல்லி, அண்ணியையும் அதையே சொல்லச் சொன்னோம். பிறகு பல நாள் அவர் அதே கேள்வியைக் கேட்டார். அண்ணியும் அதே பதிலைச் சொன்னார்.

ஒருவருடைய சொல்லை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். "சொத்தை" அவருக்கு மட்டும் உரியது. படகு ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது பல்லை நினைவூட்டும். அவர் கையில் எந்தப் பொருள் புழங்குகிறதோ, அங்கிருந்து அவரே ஒன்றை எடுத்துத் தரும்வரை "வயித்துல நோய் இருக்கு" என்ற எளிய தமிழே போதும். பேசியதை அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்று அறிய, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "ஆமா"தான் வரும், "மதியம் அண்ணிகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மருத்துவமனையில்

கடலூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் போவது, உடம்பு நன்றாக இருப்பவருக்கே ஒரு நாள் வேலை. "கடைக்குப் போறோம்" என்று ஏமாற்றி ஆட்டோவில் ஏற்றினால், அடுத்த முறை அவர் ஆட்டோவிலும் ஏறமாட்டார், கடைக்கும் வரமாட்டார். முதல் தடவை நீங்கள் மட்டும் போகும்போதே நுழைவாயில், காத்திருக்கும் இடம், படுக்க வேண்டிய கட்டில் ஆகியவற்றை, பிறர் முகம் விழாமல் அனுமதி கேட்டு, செல்பேசியில் படம் எடுத்து வந்து, முந்தின நாள் வரிசையாகக் காட்டுங்கள். கடைசிப் படம் உங்கள் வீட்டு வாசலாக இருக்கட்டும். நோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், அதன் முதல் பக்கத்தில் அவர் பேசும் விதத்தை ஐந்து வரியில் எழுதியிருங்கள். ஐந்து பக்கம் எழுதினால் எந்த மருத்துவரும் படிக்கமாட்டார்.

ஒரு மருத்துவமனையில், ஒரு பெரிய மருத்துவர் நோயாளியின் தலைக்கு மேலாக அண்ணனிடம் முழுச் செய்தியையும் சொல்லிவிட்டு, "இவங்களுக்குப் புரியாது, பரவால்ல" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நோயாளி ஒரு சொல்லும் பேசவில்லை. சொற்கள் புரியாவிட்டாலும் அண்ணன் முகம் புரிந்திருக்கிறது. அப்போது வாய் திறக்காமல் நின்றது என் தவறு. அதிலிருந்து அறைக்குள் போகும்போதே, "டாக்டர், அவங்க பேரச் சொல்லி அவங்ககிட்ட ரெண்டு வார்த்த முதல்ல பேசுங்க, மீதிய எங்ககிட்ட சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை எவரும் மறுத்ததில்லை.

கையெழுத்து விஷயத்தில் பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது முடிந்த பிறகு பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடமாட்டார்கள். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு செய்து காப்பாளர் நியமனம் பெற வேண்டும். நோய் முற்றிய நேரத்தில் அலைய முடியாது என்பதால் இதை முன்பே செய்துவிடுவது நல்லது. அதே நேரத்தில், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்கு உள்ள சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது. அந்தச் சட்டம் சொல்லும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையும், அவரோடு கலந்து முடிவெடுக்கும் முறைதான். கீமோ தொடர்வதா என்பது போன்ற பெரிய முடிவை அவரால் முழுமையாக எடைபோட முடியாமல் இருக்கலாம், ஆனால் எந்தக் கையில் ஊசி, யார் பக்கத்தில் நிற்பது, விளக்கு எரியட்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். உயிர்காக்கும் சாதனங்களை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்து, 2023 இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது; மூன்று மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்க்க வேண்டும் என்பதால், அதைக் குடும்பத்தார் அவசரத்தில் தனியாக முடிவு செய்ய இயலாது.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. அது தமிழ்நாட்டு அரசின் திட்டம் என்பதால், எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் இருக்கும் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்தவர்கள் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோறும் பாலும் கடைசி நாட்களும்

கடைசி வாரங்களில் பசி குறையும், பிறகு இல்லாமலே போகும். சாப்பிடாததால் சாவதில்லை, உடல் மெல்ல ஓய்ந்துகொண்டிருப்பதால் சாப்பாடு வேண்டியிருப்பதில்லை என்பதை வீட்டார் ஏற்க நாளாகும். "சாப்ட்டாத்தான் டிவி" என்று குழந்தையிடம் போல மிரட்டும் பழக்கம் இந்த நேரத்தில் தலைதூக்கும். அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் விழுங்க முடியாததை அவர் தன் குற்றமாக எடுத்துக்கொள்கிறார். "பசிக்கலன்னா வேணாம்" என்ற அனுமதியை அவர் காதால் கேட்க வேண்டும். கேட்டால் இரண்டு வாய் கொடுங்கள், அவருக்குப் பிடித்ததாக. பண்ருட்டிப் பெண்ணுக்கு அது பலாச்சுளையின் ஓரத்தை நாக்கில் தடவுவதாக இருந்தது.

உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விழுங்கும் திறன் போன பிறகு ஊற்றும் பால் மூச்சுக்குழாயில் இறங்கித் திணறடிக்கும். வழக்கத்தை விட வேண்டாம். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும், சடங்கும் நடக்கும், திணறலும் இராது. தொண்டையில் கரகரவென்ற சத்தம் வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போவார்கள். நினைவு தப்பிய நிலையில் அது பெரும்பாலும் அவரை வருத்துவதில்லை, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பதே பல நேரம் போதுமானது.

இந்த நாட்களில் பேச்சைச் சுருக்குங்கள், இருப்பைக் கூட்டுங்கள். காது கேட்கிறது என்று கருதியே பேச வேண்டும். கட்டிலருகே நின்று அடக்கச் செலவைப் பற்றிப் பேசக் கூடாது. தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி சொல்லுங்கள்: "அக்கா, புரட்டிப் படுக்க வைக்கப் போறேன்." மீனவ கிராமத்து மனிதருக்கு, சிறு வயது முதல் மடியில் வைத்துத் தடவிப் பழகிய பழைய வலைத்துண்டு ஒன்று இருந்தது. மருத்துவமனையில் அழுக்கென்று வாங்கி வைத்திருந்ததை, வீட்டுக்கு வந்ததும் துவைத்துக் கையில் கொடுத்தோம். கடைசி இரண்டு நாள் அவர் விரல்கள் அந்தக் கண்ணிகளுக்குள்ளேயே இருந்தன, விரல் பிடி இறுகினால் மருந்து நேரம் என்று அவருடைய தம்பி கண்டுபிடித்து நோட்டில் எழுதியிருந்தார்.

கூட இருப்பவர்களிடம்

இல்லத்தில் இறந்தவர் என்றால், அந்த அறையில் அவரோடு பதினைந்து ஆண்டுகள் படுத்து எழுந்த மற்றவர்கள் இருப்பார்கள். இரவோடு இரவாக உடலை எடுத்துவிட்டுக் காலையில் காலிக் கட்டிலைக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் பெரிய கெடுதல். அடுத்து தான்தானோ என்று ஒவ்வொருவரும் பயப்படுவார்கள், தலைவலி வந்தாலே நடுங்குவார்கள். நோய் முற்றும்போதே, "அவருக்கு உடம்பு ரொம்ப முடியல, டாக்டரால சரி பண்ண முடியல" என்று சொல்லி வையுங்கள், அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறந்த பின் விரும்புகிறவர்கள் உடலைப் பார்க்கட்டும். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு பூ போடட்டும். விரும்பாதவரை இழுக்க வேண்டாம். அழாதவரைப் பார்த்து, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டவும் வேண்டாம். துக்கம் இவர்களில் பலருக்கு மாதங்கள் கழித்து, சாப்பாட்டுத் தட்டை எறிவதாகவோ படுக்கையை நனைப்பதாகவோ வரும், அப்போது யாருக்கும் அந்தச் சாவு நினைவில் இருக்காது. அதனால் இறந்த தேதியை மற்றவர்களுடைய நோட்டுகளிலும் குறித்து வைக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர்களுக்கும் இலை போடுங்கள், படத்துக்கு அவர்கள் கையாலும் பூ வைக்கச் செய்யுங்கள். அதன் பிறகும் "அக்கா எங்க?" என்ற கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும். சமையல் செய்பவர் ஒன்று, வாட்ச்மேன் ஒன்று, இரவுப் பணியாளர் ஒன்று என ஆளுக்கொரு பதில் சொன்னால், கேள்வி இன்னும் பெருகும். எல்லாரும் சொல்ல வேண்டிய பதிலை, இன்ன சொற்களில் என்று ஒரு வரியாக எழுதி, அவரவர் நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள்.